மிஞ்சிய சுரங்கள்

ஷெபாய்கன், விஸ்கான்சின்
18 செப்டம்பர் 1984

அன்புள்ள லியோனாவுக்கு,

பாலைவன வெயிலில் உன் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். வெர்னின் இருமல் நின்றதா? அவர் நுரையீரலுக்காக நீங்கள் டூசான் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இன்னும் இருமுகிறார் என்றால் குற்றம் ஊரில் இல்லை, சுருட்டில் இருக்கிறது என்று உன் அக்கா சொன்னதாகச் சொல். எனக்கு எழுபத்திரண்டு வயதுக்கு உரிய நலம்.

எங்கள் கோவில் பாடகர் குழுவைக் கலைத்துவிட்டார்கள். நாற்பத்தொரு வருடம் ஞாயிறு தவறாமல் மெலடி பாடியவளிடம் புதுப் பங்குச் சாமியார் வந்து, "இனிமே கிடார்தான் மிஸஸ் பிராண்ட். சின்னப் பிள்ளைங்களுக்கு அதுதான் பிடிக்குது" என்றார்.

"கடவுளுக்குப் பிடிக்குதான்னு கேட்டீங்களா ஃபாதர்?"

சிரித்தார். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

இரண்டு வாரம் பீன்ஸை உப்பு நீரில் போட்டுப் பாட்டில் பாட்டிலாக அடைத்தேன். என் அல்ஃபோன்ஸ் கண் மூடிய பிறகு வீட்டில் சத்தம் போடுவது ஃபிரிட்ஜ் மட்டும்தான். அப்போது எதிர்வீட்டு இர்மா வந்து, "அடியே ஹெட்விக், இன்னும் ஒரு வாரம் விட்டா உன்னையும் மூடி போட்டு அலமாரியில வச்சிடுவாங்க. கெளம்புடி" என்று காரில் ஏற்றிவிட்டாள்.

போன இடம் ஒரு லூத்தரன் கோவிலின் கீழ்த்தளம். கத்தோலிக்கப் பிள்ளைகள் அங்கே கால் வைக்கக் கூடாது என்ற நம் மடத்துச் சிஸ்டர்கள் யாரும் உயிருடன் இல்லை என்பதால் எழுதுகிறேன். அங்கே செவ்வாய்க்கிழமை மாலைகளில் முப்பத்தெட்டுப் பெண்கள் பார்பர்ஷாப் பாடுகிறார்கள். முடிவெட்டும் கடையில் முறைக்காகக் காத்திருந்த ஆண்கள் பாடிப் பழகியதாகச் சொல்வார்களே, அதே நாலு குரல் பாட்டுதான். இங்கே பெண்களே பாஸ் என்ற அடிக்குரல்வரை பாடுகிறார்கள். வாத்தியம் இல்லை, தாள் பார்க்கக் கூடாது. தொடங்குமுன் சுருதிக்குழலை ஒருமுறை ஊதுவார்கள். மற்றதெல்லாம் காதைப் பொறுத்தது.

நடத்துகிறவள் பெயர் டார்லீன். வயது முப்பத்து நாலு, சீஸ் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை. நான் ஒரு பாட்டுப் பாடிக் காட்டினேன். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ஹெட்விக், உங்க குரல் ஆடுது" என்றாள்.

"அது ஆட்டம் இல்ல. பயிற்சி."

"இருக்கலாம். ஆனா ஆடுற குரல் பக்கத்துக் குரலோட ஒட்டாது. நேரா, குச்சி மாதிரி வைங்க. உங்கள பாரிடோன்ல போடறேன்."

என்னை, மெலடி பாடியவளை! இர்மா அந்தப் பகுதிக்குத் தலைவியாம். அவளுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். மூன்று செவ்வாய் போய்விட்டேன், அவர்கள் எதைத் தவறாகச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும்.

வெர்னுக்கு என் விசாரிப்பு.

உன் அக்கா,
ஹெட்விக்


டூசான், அரிசோனா
27 செப்டம்பர் 1984

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. இங்கே இன்னும் நூறு டிகிரி. முட்டி பரவாயில்லை. வெர்ன், "உங்க அக்கா சொன்னா சுருட்டுகூட பயப்படும்" என்று சொல்லிவிட்டு இன்னொன்று பற்றவைத்தார். உன் வீட்டுக் கணப்பைக் குளிருக்கு முன் ஆள் வைத்துப் பார்த்துவிடு.

கோவில் குழு போனது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிகிறது. நீ பீன்ஸைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாய், ஆனாலும் தெரிகிறது.

செவ்வாய்க்கிழமைகளை விட்டுவிடாதே. டார்லீன் சொல்வது சரி. குரலை நேராக வைக்க மூச்சைக் குறைக்க வேண்டாம், தாடையைத் தளர்த்தினால் போதும். பாரிடோனைத் தண்டனையாக நினைக்காதே. நாலில் அதுதான் கஷ்டமான பகுதி என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

வேறு செய்தி இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
லியோனா


ஷெபாய்கன்
23 அக்டோபர் 1984

அன்புள்ள லியோனாவுக்கு,

நீங்கள் இருவரும் சுகம்தானே? கணப்பைப் பார்க்க ஆள் வந்து போனான். அவன் பூட்ஸ் தடத்தைத் துடைக்க அரைநாள் ஆயிற்று.

தாடை யோசனைக்கு நன்றி. எங்கே கேள்விப்பட்டாய்? மடத்துப் பள்ளியில் அதையெல்லாம் நமக்குச் சொல்லித்தரவில்லை.

பாரிடோன் என்றால் என்ன என்று இப்போது தெரிந்துகொண்டேன். லீட் மெலடியை எடுத்துக்கொள்கிறாள். டெனர் அதற்கு மேலே மெல்லப் போகிறாள். பாஸ் அடியில் உட்கார்ந்துகொள்கிறாள். மூன்று பேரும் வேண்டியதைப் பரிமாறிக்கொண்ட பிறகு தட்டில் மிஞ்சிய சுரங்களைத் திரட்டி பாரிடோனிடம் கொடுக்கிறார்கள். ஒரு சுரம் மெலடிக்கு மேலே இருக்கும், அடுத்தது கீழே. தனியாகப் பாடினால் யாரோ சாவியைத் தொலைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுவதுபோல் இருக்கிறது. இதை விரும்பிக் கேட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்களாம். பிறவியிலேயே காதில் கோளாறு உள்ளவர்களாக இருக்க வேண்டும். மெலடி என்று ஒன்று இருக்கும்போது சுயபுத்தி உள்ள யார் மிச்சத்தைப் பாடுவார்கள்?

மே மாதம் கிரீன் பே நகரில் வட்டாரப் போட்டி. எல்லாரும் மேடையேற முடியாது. ஒவ்வொருத்தியும் கூட்டத்தோடு பாடும்போது மோவாய்க்குக் கீழே டேப் ரெக்கார்டரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதில் அவரவர் குரல் தனியாகத் தூக்கிக் கேட்கும். இரண்டு பாட்டிலும் சேர்த்து மூன்று பிழைவரை மன்னிப்பு. நாலு என்றால் மேடை கிடையாது. போட்டிக்கு முன் மூன்று வாய்ப்பு. எனக்கு முதல் வாய்ப்பே போதும். நவம்பரில் தேறிவிட்டு, கிறிஸ்துமஸுக்குள் லீடுக்கு மாற்றச் சொல்லப்போகிறேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். போன வாரம் ஒரு பாட்டின் முடிவில் நாலு குரலும் சரியாகப் பொருந்தின. அப்போது எல்லாருக்கும் மேலே இன்னொரு குரல் கேட்டது. யாரும் பாடவில்லை. சுற்றிலும் பார்த்தேன். "வந்துடுச்சு பாரு, அஞ்சாவது ஆளு" என்றாள் இர்மா. சுரங்கள் துளிகூடப் பிசகாமல் பூட்டிக்கொண்டால் அது தானாக வருமாம். ஒரு வினாடிதான். வீட்டுக்கு வந்து வெகுநேரம் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

பதில் எழுது.

உன் அக்கா,
ஹெட்விக்


ஷெபாய்கன்
4 டிசம்பர் 1984

அன்புள்ள லியோனாவுக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நீயோ வெர்னோ படுத்துவிடவில்லையே? அப்படியானால் தந்தியாவது அடித்திருக்கலாம்.

இங்கே பனி பதினோரு அங்குலம். ஏரிக்காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. சென்ற வருடம் இதே நாளில் ஒன்பது அங்குலம்தான். தபால்பெட்டி புதைந்துவிட்டது, நானே தோண்டி எடுத்தேன். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு இர்மா கூப்பிட்டாள். எண்ணெய் பழையதாக இருக்கும் என்று போகவில்லை. பேக்கரியில் ரை ரொட்டியின் தரம் இறங்கிவிட்டது. எழுதித் தெரிவித்திருக்கிறேன்.

கோரஸ் நடக்கிறது.

உன் அக்கா,
ஹெட்விக்


டூசான்
15 டிசம்பர் 1984

அக்கா,

இருவரும் நலம். தந்தி அடிக்கிற அளவுக்கு எதுவும் இல்லை.

எழுத உட்கார்ந்து மூன்று கடிதங்களைக் கிழித்தேன். இதைக் கிழிக்கமாட்டேன்.

நான் பாரிடோன். இங்கே ஒரு கோரஸில் ஒன்பது வருடமாக, கேட்டு வாங்கி, பாரிடோன் பாடுகிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு அந்தப் பகுதியை நான்தான் கற்றுத்தருகிறேன். காதில் கோளாறு என்று இதுவரை எந்த டாக்டரும் சொல்லவில்லை.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். எனக்கு ஒன்பது வயது, உனக்குப் பதினைந்து. மடத்துப் பள்ளிச் சிற்றாலயத்தில் ஆராதனைப் பாட்டுக்கு நீ தலைவி. எல்லாரும் மெலடி பாடினார்கள். எனக்குக் கீழே வேறொன்று கேட்டது, அதைப் பாடினேன். நீ கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தி, "லியோனா, நீ தப்பாப் பாடற. இனிமே வாய மட்டும் அசை" என்றாய். வாயை மட்டும் அசைத்தேன். நாற்பத்தெட்டு வருடம், அக்கா. கல்யாணத்தில், ஞானஸ்நானத்தில், அம்மாவின் அடக்கத்தில், எல்லாவற்றிலும். இங்கே வந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, சமையலறையில் ரேடியோவோடு நான் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு, "ஏய், நீ பாரிடோன்டி! யாரும் சொல்லலியா?" என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை.

உன் கடைசிக் கடிதத்தில் பனி இருக்கிறது, காற்று இருக்கிறது, ரொட்டி இருக்கிறது. நவம்பர் டேப் மட்டும் இல்லை. எத்தனை பிழை?

கிறிஸ்துமஸ் நல்லபடி கழியட்டும்.

லியோனா


ஷெபாய்கன்
9 ஜனவரி 1985

அன்புள்ள லியோனா,

புத்தாண்டு உங்கள் இருவருக்கும் சுகமாகப் பிறந்திருக்க வேண்டுகிறேன்.

பதினாலு.

டார்லீன் என்னைத் தனியாக உட்காரவைத்துப் போட்டுக் காட்டினாள். கஷ்டமான இடம் வந்ததும் என் குரல் நேரே மெலடிக்குத் தாவுகிறது. செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. நாற்பத்தொரு வருடமாகப் போன வண்டி தானாக அதே தெருவில் திரும்புவதுபோல. அது போதாதென்று இடையிடையே வேறொரு குரல். "இர்மா, வாய்." "இப்ப மூச்சு எடுக்காத." "முன்வரிசை, சுருதி இறங்குது." அதுவும் நான்தான். பேசினேன் என்றே தெரியாது.

டார்லீன் டேப்பை நிறுத்தினாள். "நடுவுல பன்னெண்டு தடவ மத்தவங்களத் திருத்தியிருக்கீங்க. பன்னெண்டும் சரிதான். அந்த நேரத்துல உங்க பாட்டு பதினாலு எடத்துல தப்பு."

நான் அழவில்லை. கையுறையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தேன். ஒன்றரை மைல்.

நீ எழுதிய சிற்றாலய நிகழ்ச்சி எனக்கு நினைவில் இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தேன். நான் அப்படிச் சொல்லக்கூடியவள்தான்.

அடுத்த டேப் மார்ச் மாதம். இர்மா ஒன்று சொன்னாள். சில கோரஸ்களில் பாரிடோன் பகுதியை மட்டும் நன்றாகப் பாடத் தெரிந்தவர்கள் கேசட்டில் பாடிப் பதிவு செய்து, தெரியாதவர்களுக்குக் கொடுப்பார்களாம். எங்கள் கோரஸில் அந்த வழக்கம் இல்லை.

எங்கள் இரண்டு பாட்டின் தாள்களையும் இந்த உறையில் வைத்திருக்கிறேன். காரணம் எதுவும் இல்லை.

உன் அக்கா,
ஹெட்விக்


டூசான்
20 ஜனவரி 1985

அன்புள்ள அக்கா,

முட்டி நலம், வெர்ன் நலம், நாயும் நலம். காரணம் எதுவும் இல்லாமல் ஒரு கேசட் அனுப்புகிறேன்.

முதல் பக்கத்தில் மெதுவான பாட்டு. இரண்டாம் பக்கத்தில் வேகமானது, அந்த ரயில் நிலையப் பாட்டு. ஒவ்வொன்றையும் மூன்று முறை பாடியிருக்கிறேன். ரயில் பாட்டின் இரண்டாம் தடவையில் ஒரு மனிதக் குரல் "காபி எங்க?" என்று கேட்கும். அது வெர்ன். அதை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

மெலடி வரும்போது காதைப் பொத்திக்கொள்கிறாய் என்று நினைக்கிறேன். எல்லாரும் முதலில் அதைத்தான் செய்வார்கள். அது தவறு. மெலடியை நன்றாகக் கேள். அது பக்கத்தில் நடந்து போகட்டும். நீ கூடவே போக வேண்டாம், அவ்வளவுதான். பாத்திரம் கழுவும்போது ரேடியோவைப் போட்டு, எந்தப் பாட்டு வந்தாலும் அதில் இல்லாத சுரத்தைப் பிடித்துப் பாடு. கொஞ்ச நாளைக்கு அசிங்கமாக இருக்கும். யாரும் கேட்கப்போவதில்லை, ஃபிரிட்ஜைத் தவிர.

அந்த ஐந்தாவது குரலைப் பற்றி நீ எழுதியிருந்தாய். அதை வரவழைப்பது யார் தெரியுமா? மூன்று பேர் பாடினால் பாட்டு இருக்கும், ஆனால் அது வராது. மிச்ச சுரம் வந்து சேர்ந்த பிறகுதான் வரும். இது தெரிந்தபிறகும் லீடுக்கு மாற வேண்டும் என்றால் மாறிக்கொள்.

இந்தக் கேசட்டில் பதிந்தது நான் தனியாகப் பாடியது. உன் காதுபட அப்படிப் பாடியதே இல்லை. திருத்தம் இருந்தால் எழுதாதே.

அன்புடன்,
லியோனா


ஷெபாய்கன்
12 மார்ச் 1985

அன்புள்ள லியோனா,

உன் நாய்வரை எல்லாரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். ஏரியில் பனிக்கட்டி உடையத் தொடங்கிவிட்டது.

கேசட்டைத் தினம் இரண்டு வேளை கேட்டேன். திருத்தம் எழுதாதே என்றாய், எழுதவில்லை. எழுதவும் ஒன்றுமில்லை.

ரேடியோப் பயிற்சியின் முதல் வாரத்தில் தபால்காரர் கதவைத் தட்டி, "எல்லாம் நல்லாத்தானே இருக்கு மிஸஸ் பிராண்ட்?" என்று கேட்டார். மூன்றாம் வாரம் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

மார்ச் ஐந்தாம் தேதி டேப் எடுத்தேன். பகுதித் தலைவியான இர்மா அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டுவிட்டு என் வாசலில் நின்று கத்தினாள். "மூணுதான்டி! தேறிட்ட!" தெருவே கேட்டது. என்னைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். பனியில் இருவரும் விழாதது அதிர்ஷ்டம்.

மறுநாள் அந்த டேப்பை நானே போட்டுக் கேட்டேன். மகிழ்ச்சிக்காகத்தான். நாலு முறை கேட்டேன். அடுத்த செவ்வாய், அதாவது இன்று மாலை, அதை டார்லீன் முன்னால் வைத்து, "நாலு" என்றேன்.

"என்ன நாலு?"

"பிழை. ரயில் பாட்டுல, வண்டி வந்து நிக்கிற எடம். அங்க நான் மெலடிக்குப் போயிட்டு வந்திருக்கேன். அரை வினாடி. இர்மாவுக்குக் கேக்கல."

"கேட்டுச்சுடி!" என்று இர்மா பின்னாலிருந்து கத்தினாள். "கேட்டுத்தான் விட்டேன்! எழுபத்திரண்டு வயசுல அரை வினாடி விடக் கூடாதா?"

"கூடாது. முன்வரிசைப் பொண்ணு ஒருத்தி நாலு பிழைக்கு நின்னுட்டாளே, அவளுக்கு விட்டியா?"

டார்லீன் பியானோ மூடிமேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். "ஹெட்விக், உங்கள யாராச்சும் கேட்டாங்களா?"

"யாரும் கேக்கலங்கறதுதான் பிரச்சினை."

அவள் நிமிர்ந்தாள். பிறகு பட்டியலில் என் பெயரை அடித்தாள். ஏப்ரல் பதினாறு கடைசி வாய்ப்பு. அதிலும் நாலு வந்தால் வீட்டிலிருந்து வாழ்த்து அனுப்ப வேண்டியதுதான்.

திரும்பி வரும்போது இர்மாதான் கார் ஓட்டினாள். வாசலில் இறக்கிவிட்டு, "உன்ன மாதிரி ஒரு ஜென்மத்த நான் பாத்ததில்ல" என்றாள். பிறகு ஹாரனை இரண்டு முறை அடித்துவிட்டுப் போனாள். கோபமா இல்லையா என்று தெரியவில்லை.

நான் செய்தது சரி. ஆனால் லியோனா, எனக்குப் போட்டியில் அந்தப் படிமேடையில் நிற்க வேண்டும். இவ்வளவு ஆசையாக எதையும் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

உன் அக்கா,
ஹெட்விக்


டூசான்
19 மார்ச் 1985

என் அருமை அக்கா,

இங்கே எல்லாரும் நலம். உன் கடிதத்தை வெர்னுக்கு உரக்கப் படித்தேன்.

"உங்க அக்காவுக்கென்ன பைத்தியமா?" என்றார்.

"இல்ல. பாரிடோன்."

"ரெண்டும் வேற வேறயா?"

அக்கா, அறுபத்தாறு வருடமாக உன்னைத் தெரியும். அடுத்தவர் பிழையை நீ எண்ணி நான் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். உன் பிழையை நீயே எண்ணிக் கொண்டுபோய்க் கொடுத்ததை இப்போதுதான் பார்க்கிறேன். கோபமாக வந்தது, "வாய மூடிட்டு இருந்திருக்கலாமே!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன். பிறகு அழுதேன். பிறகு கடைக்குப் போய் ஒரு கேக் வாங்கி, வெர்னும் நானும் உன் நாலாவது பிழைக்காகச் சாப்பிட்டோம்.

வண்டி வந்து நிற்கிற இடத்தில் எனக்கும் கால் வழுக்கும். அங்கே உன் சுரம் மெலடிக்கு மேலே போகிறது. மேலே ஏறும்போது பெருமைப்பட்டுவிடாதே. பெருமைப்பட்டால் மெலடி வந்துவிடும். மாடிப்படியில் கடைசிப் படி இருட்டில் இருந்தால் எப்படிக் கால் வைப்பாய், அப்படி.

பதினாறாம் தேதி முடிந்த அன்றே எழுது. போன் செய்தால் இன்னும் நல்லது. நீ செய்யமாட்டாய், தெரியும்.

அன்புடன்,
லியோனா


(தபால் அட்டை)
ஷெபாய்கன்
26 ஏப்ரல் 1985

லியோனா: நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

கிரீன் பே, மே 11, சனிக்கிழமை காலை பத்தரை மணி. மூன்றாவது படி, இடதுபுறமிருந்து ஐந்தாவது. எல்லாருக்கும் ஒரே நீல உடை, ஒரே உதட்டுச் சாயம், ஒட்டு இமைமுடி, ஆகவே எண்ணிப் பார்த்தால்தான் என்னைத் தெரியும். ஒட்டு இமைமுடி பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

பிழை: ஒன்று. பத்து நாள் தாமதத்துக்குக் காரணம், நானே ஒன்பது முறை கேட்டுச் சரிபார்த்தேன்.

மே மாதத்தில் இங்கே இன்னும் குளிரும். கோட்டு கொண்டு வா.

ஹெட்விக்


ஷெபாய்கன்
24 மே 1985

அன்புள்ள லியோனா,

நீ சுகமாக வீடு சேர்ந்தது பற்றி மகிழ்ச்சி. விமானத்தில் முட்டியை நீட்ட இடம் கிடைத்ததா? வெர்ன் மூன்று நாளும் டப்பாவில் அடைத்த சூப்பையே குடித்தார் என்று எழுதியிருக்கிறாய். அவருக்கு என் அனுதாபம். ஆனால் சூப்பு சுருட்டைவிட நல்லது.

போட்டியைப் பற்றி உன் ஊர்த் தோழிகளுக்கு எழுதியதன் நகலை எனக்கும் அனுப்பியிருக்கிறாய். அதில் பிழைகள் இருக்கின்றன. பின்னால் யாரும் குழம்பக் கூடாது என்பதால் திருத்துகிறேன்.

பதினாலு கோரஸில் எங்களுக்கு ஒன்பதாவது இடம். எட்டு அல்ல. நீ எட்டு என்று எழுதியது பாசம்.

மெதுவான பாட்டின் முடிவில் ஐந்தாவது குரல் வந்ததும் நடுவர் ஒருவர் பென்சிலைக் கீழே வைத்ததாக எழுதியிருக்கிறாய். நான் படிமேடையிலிருந்து பார்த்தேன். பென்சில் கை நழுவி விழுந்தது. அது வேறு.

மேடையிலிருந்து இறங்கும்போது நான் அழுதேன் என்று எழுதியிருக்கிறாய். இமைமுடி ஒட்டும் பசை கண்ணில் பட்டால் யாருக்கும் நீர் வரும். மேடையேறிய எல்லாருக்கும் வந்தது. டார்லீனுக்கு வந்தது வேறு காரணமாக இருக்கலாம், அவள் இமைமுடி ஒட்டவில்லை.

இனி ஓட்டல் முன்கூடம். இதில்தான் நீ மிக அதிகமாகத் தவறியிருக்கிறாய். நடந்தது இதுதான்.

மாலை நாலு மணி. கூடம் முழுக்க முன்பின் தெரியாத பெண்கள் நாலு நாலாகச் சேர்ந்து, பாட்டுகளின் கடைசி வரிகளை மட்டும் பாடிக்கொண்டிருந்தார்கள். "டேக்" என்று இவர்கள் சொல்வது. நாம் காபியோடு ஓரமாக நின்றோம். எஸ்கனாபா ஊர் பாஸ் ஒருத்தி, அந்தப் பெரிய ஆகிருதி, நம் பக்கம் திரும்பி, "டெனர் இதோ இவ, பாஸ் நான். நீங்க ரெண்டு பேரும் என்ன?" என்று கேட்டாள்.

"பாரிடோன்" என்றோம். இருவரும், ஒரே நேரத்தில்.

"அய்யோ கடவுளே. ரெண்டு பாரிடோன வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? யாராவது ஒருத்தர் லீட் பாடுங்க."

நீ என்னைப் பார்த்தாய். "அக்கா, நீ பாடு. நாப்பத்தோரு வருஷம் மெலடிதானே பாடின."

"நான் பாரிடோன்."

"நான் ஒன்பது வருஷமா பாரிடோன்."

"நான் மூணு டேப் எடுத்து பாரிடோன் ஆனவ."

"நான் ஒரே டேப்ல ஆனவ!"

நீ கத்தினாய், லியோனா. மெதுவாகச் சொன்னதாக எழுதியிருக்கிறாய். எதிர்ப்பக்கம் லிஃப்ட்டுக்கு நின்றவர்கள் திரும்பினார்கள். அந்த பாஸ், "முப்பது வருஷமா பாடறேன். மெலடி வேணாம்னு அடிச்சுக்கிற ரெண்டு பேர இப்பத்தான் பாக்கறேன்" என்றாள். டெனர் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

அப்போது நான்தான் காபியைக் கீழே வைத்துவிட்டு, "சரி, நான் லீட். அவ பாரிடோன்" என்றேன். நீ கெஞ்சியதால் அல்ல. நானாகச் சொன்னேன். இதைத் தயவுசெய்து திருத்தி எழுது.

பாஸ் அந்த டேக்கை ஒவ்வொரு பகுதியாக வாயால் சொல்லிக்கொடுத்தாள். லீடுக்கு வேலை மிகக் குறைவு. கடைசிச் சொல்லில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் முடிக்கும்வரை அசையாமல் நிற்க வேண்டும். நான் நின்றேன். டெனரும் பாஸும் இரண்டு இடம் நகர்ந்தார்கள். நீ என் சுரத்துக்குக் கீழே போனாய், மேலே வந்தாய், மறுபடி கீழே போனாய். என் வலது காதுக்கு ஒரு சாண் தூரத்தில் உன் குரல் வளைந்து வளைந்து போனது. நான் குரலை ஆட்டவில்லை, திரும்பவில்லை, மூச்சு தீர்ந்த பிறகும் விடவில்லை. நீ கடைசிச் சுரத்தில் வந்து உட்கார்ந்தாய். அது வந்தது, அந்த ஐந்தாவது ஆள். லிஃப்ட் கதவு திறந்து, யாரும் ஏறாமல் மூடிக்கொண்டது.

பிறகு, "இப்ப மாத்திப் பாடலாம், அக்கா பாரிடோன்" என்று நீ சொன்னதும், நான் மூன்றாவது சுரத்திலேயே மெலடிக்குத் தாவியதும், நால்வரும் பாட முடியாமல் சிரித்ததும் உண்மை. என் இடது ஒட்டு இமைமுடி காபிக் கோப்பையில் விழுந்ததும் உண்மை. அதில் நீ எதையும் கூட்டி எழுதவில்லை.

ஒரே ஒரு திருத்தம் மிச்சமிருக்கிறது. அந்த டேக்கில் உனக்கு எட்டு சுரம் என்று எழுதியிருக்கிறாய். ஏழு. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏழும் சரி, லியோனா. ஒன்றில்கூடப் பிழை இல்லை.

உன் அக்கா,
ஹெட்விக்